கருத்தடை மாத்திரையும் கிறிஸ்தவ மனச்சாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமண ஆயத்த வகுப்புகளிலும், ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு தயங்கித் தயங்கியும் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். மருத்துவ விவரங்கள் பொதுவானவை. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

1. கருத்தடை மாத்திரை சாப்பிடுறது பாவமா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

நீங்கள் கத்தோலிக்கர் என்றால், கருத்தரிப்பைத் தடுப்பதற்காக மாத்திரை எடுப்பதைத் திருச்சபை அனுமதிப்பதில்லை. பெரும்பாலான சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் தம்பதியர் கலந்துபேசி, நியாயமான காரணத்தோடு எடுப்பதற்குத் தடையில்லை. ஆனால் எந்த மாத்திரை என்பதில் கவனம் வேண்டும் என்று அங்கேயும் பலர் சொல்வார்கள்.

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தம்பதியர் கருத்தரிப்பைத் தள்ளிப்போடலாமா என்பது முதலாவது. கையில் இருக்கும் இந்த முறை, கரு உருவாவதற்கு முன் வேலை செய்கிறதா, பின்னா என்பது இரண்டாவது. எதற்காக எடுக்கிறோம் என்பது மூன்றாவது. மூன்றையும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம். முதல் கேள்விக்கு வேதமும் சபையும் பதில் தர வேண்டும், இரண்டாவதற்கு மருத்துவம், மூன்றாவதற்கு நீங்களேதான்.

2. பைபிள்ல இதப்பத்தி நேரடியா ஏதாவது வசனம் இருக்கா?

இல்லை. ஓனானின் கதையைத்தான் (ஆதியாகமம் 38:8-10) பலர் காட்டுவார்கள். அண்ணன் சந்ததியில்லாமல் இறந்தால் தம்பி அவன் மனைவிக்குச் சந்ததி உண்டாக்க வேண்டும் என்பது அன்றைய கடமை. ஓனான் தாமாரோடு சேர்ந்துகொண்டே அந்தக் கடமையை ஏமாற்றினான். அவன் செய்த முறையே குற்றம் என்று பழைய உரையாசிரியர்கள் பலர் வாசித்தார்கள். கடமையில் செய்த வஞ்சகமே குற்றம் என்பது இன்று பரவலான வாசிப்பு. இந்த ஒரு பகுதியை வைத்து மாத்திரைக்குத் தீர்ப்பு எழுதுவது கஷ்டம்.

"பலுகிப் பெருகி" என்ற ஆதியாகமம் 1:28-ம், பிள்ளைகள் "கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்ற சங்கீதம் 127:3-ம் பிள்ளைகளை ஆசீர்வாதமாகவே பார்க்கின்றன. இந்த அடிப்படையில் எந்தச் சபைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மறுபக்கம், கணவன் மனைவி உறவை 1 கொரிந்தியர் 7:3-5 பேசும்போது பிள்ளைப்பேற்றைக் குறிப்பிடவே இல்லை. ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமையாகவே சொல்கிறது. சீர்திருத்த சபைகளின் வாதம் பெரும்பாலும் இங்கிருந்து தொடங்குகிறது.

3. மாத்திரை உள்ளே போய் என்னதான் பண்ணுது?

வழக்கமான மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள் இருக்கும்: எதினைல் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன், பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம், கூடவே ஒரு புரோஜெஸ்டின் (உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் ஹார்மோன்). இவை ரத்தத்தில் இருக்கும்வரை மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்களைக் குறைத்துவிடுகிறது. கருமுட்டை முதிர்வதில்லை, வெளிவருவதும் இல்லை. இதுதான் முதன்மையான வேலை.

இரண்டாவதாக, கருப்பை வாயிலுள்ள சளி கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாமல் தடுக்கும். மூன்றாவதாக, கருப்பையின் உள்சவ்வு மெலிந்துபோகும். முதல் இரண்டும் கரு உருவாவதற்கு முன் நடப்பவை. சர்ச்சை முழுக்க இந்த மூன்றாவதைப் பற்றியதுதான்.

4. அப்ப அது உண்டான கருவையே கலைச்சிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

கருவுறுதல் கருக்குழாயில் நடக்கிறது. அந்தக் கரு கருப்பைக்கு வந்து சவ்வில் பதிய, கருமுட்டை வெளிவந்ததிலிருந்து 6 முதல் 10 நாள் வரை ஆகலாம். கருவுற்ற கணமே மனித உயிர் தொடங்குகிறது என்று நம்புகிறவருக்கு அந்த இடைப்பட்ட நாட்களும் உயிருள்ள நாட்களே. "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்ற சங்கீதம் 139:16-ஐ அவர்கள் மேற்கோள் காட்டுவது இதனால்தான். கருத்தடை மாத்திரையால் மெலிந்துபோன சவ்வில் கரு பதிய முடியாமல் போகுமோ என்பதே அவர்கள் பயம்.

கருவைக் காக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கும் மருத்துவர்களே இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். மாத்திரையோடு வரும் தகவல் தாள்கள் பலவற்றில் "பதிவதற்கான வாய்ப்பையும் குறைக்கலாம்" என்ற பொருளில் ஒரு வரி இருப்பதை ஒரு தரப்பு காட்டுகிறது. மறுதரப்பின் பதில் இது: சவ்வு மெலிவது கருமுட்டை வெளிவராத மாதத்தில். தப்பித்தவறி ஒரு மாதம் வெளிவந்துவிட்டால், அது விட்டுச்சென்ற இடத்தில் உருவாகும் சுரப்பியே கரு வந்துசேர்வதற்குள் ஹார்மோன்களைச் சுரந்து சவ்வைத் தயார்செய்துவிடும். மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே சிலருக்குக் கர்ப்பம் தரித்து நல்லபடியாகக் குழந்தை பிறப்பதையும் இவர்கள் சான்றாகச் சொல்கிறார்கள்.

சோதித்துத் தீர்க்க முடியாதா என்றால், கர்ப்பத்தைக் காட்டும் எச்சிஜி ஹார்மோன் கரு பதிந்த பிறகுதான் தாயின் ரத்தத்தில் தெரியவரும். பதியாமல் போனதைக் கண்டுபிடிக்க வழக்கமான பரிசோதனை கிடையாது. மாத்திரையே எடுக்காத பெண்ணின் உடலிலும் கருவுற்றவை பல பதியாமலே போகின்றன. எங்கள் கணிப்பு: இரட்டை ஹார்மோன் மாத்திரையை நாள் தவறாமல் எடுத்தால் கருவுறுதல் நடப்பதே அபூர்வம். அதனால் அதை "கருக்கலைப்பு மாத்திரை" என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. அந்தச் சிறு சந்தேகத்தையும் ஏற்க மனம் வராதவரைக் கேலி செய்யவும் யாருக்கும் உரிமையில்லை.

5. ஊசி, கையில வைக்கிற குச்சி, கருப்பைக்குள்ள வைக்கிறது எல்லாமே ஒண்ணுதானா?

ஒன்றில்லை. "கருமுட்டை வெளிவருவதை இது எந்த அளவுக்கு நிறுத்துகிறது?" என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு முறையிடமும் கேட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 150 மில்லிகிராம் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசி அநேகமாக முழுக்கவே நிறுத்திவிடும். மேல்கைத் தோலுக்கடியில் வைக்கும் 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் குச்சியும் அப்படித்தான். ஆனால் வைத்த மூன்றாம் ஆண்டில் அரிதாக வெளிவரலாம்.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைகளில் வித்தியாசம் பெரிது. 75 மைக்ரோகிராம் டெசோஜெஸ்ட்ரல் பெரும்பாலான மாதங்களில் கருமுட்டையை நிறுத்துகிறது. 12 மணி நேரம் வரை தாமதித்தாலும் பாதுகாப்பு குறையாது. 30 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் போன்ற பழைய வகைகளில் ஏறக்குறைய பாதி மாதங்களில் கருமுட்டை வெளிவரும். தடுப்பு வேலையைப் பெரும்பாலும் சளிதான் செய்கிறது. இதற்குக் கிடைக்கும் சலுகை 3 மணி நேரம் மட்டுமே.

கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தில் (52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல்) பெரும்பாலான பெண்களுக்குக் கருமுட்டை தொடர்ந்து வெளிவருகிறது. சளி கெட்டியாவதும், விந்தணு முடங்குவதும்தான் முக்கியத் தடுப்பு. சவ்வும் மிகவும் மெலிந்துவிடும். நான்காம் பதிலில் சொன்ன பயம் உள்ளவர்கள் முதலில் தவிர்ப்பது இதையும் பழைய வகை மாத்திரையையும்தான். காப்பர் டி-யில் ஹார்மோன் கிடையாது என்பதால் அது இந்தப் பக்கத்தின் எல்லைக்குள் வராது.

6. நடுவுல ரெண்டு நாள் மறந்துட்டா என்ன ஆகும்? அப்ப தப்பு நடந்துடுமா?

பயம் நியாயமானது, ஏனென்றால் கருமுட்டை தப்பி வெளிவருவது பெரும்பாலும் இப்படித்தான். 21 மாத்திரை, 7 நாள் இடைவெளி என்ற வகையில் அந்த இடைவெளியிலேயே சினைப்பை விழிக்கத் தொடங்கிவிடுகிறது. புது அட்டையை ஓரிரு நாள் தள்ளித் தொடங்கினால் 7 நாள் 9 ஆகிறது; ஆபத்து அங்கேதான். அட்டையின் நடுவில் ஒன்று மறப்பதை விட, தொடக்கத்தில் மறப்பது மோசம்.

இரட்டை ஹார்மோன் மாத்திரையில் ஒன்று விட்டுப்போனால், நினைவு வந்ததும் எடுத்துவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு எடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டுப்போனால், கடைசியாக விட்டதை மட்டும் உடனே எடுத்துத் தொடருங்கள். அடுத்த 7 நாள் உறவைத் தவிருங்கள் அல்லது ஆணுறை பயன்படுத்துங்கள். மறந்தது மூன்றாம் வாரத்தில் என்றால் இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கிவிட வேண்டும். எடுத்த 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தாலும் இன்னொன்று எடுக்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன் ஆகியவை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள்.

மாத்திரையைச் சரியாக எடுக்கும் 100 பெண்களில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கர்ப்பம் தரிக்கிறது. சாதாரணமாக, மறந்தும் எடுத்தும் வருபவர்களில் இது 7 பேர் வரை போகிறது. நான்காம் பதிலின் சந்தேகம் உறுத்துகிறவர்கள் 24 மாத்திரை, 4 நாள் இடைவெளி என்ற வகையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். இடைவெளி குறையும்போது சினைப்பை விழிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

7. நாங்க கத்தோலிக்கர். ஃபாதர் கூடாதுங்கிறார். பெந்தெகொஸ்தே அக்கா பரவாயில்லங்கிறாங்க. ஒரே பைபிள்தானே?

1930 வரை அநேகமாக எல்லா சபைகளுமே கருத்தடையை எதிர்த்தன. அந்த ஆண்டு ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு, பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கத் தெளிவான கடமையும், முழு விலகலைத் தவிர்க்கத் தகுந்த காரணமும் இருந்தால் பிற முறைகளை ஏற்கலாம் என்றது. சுயநலத்துக்காகவோ வெறும் வசதிக்காகவோ செய்வதை அதே தீர்மானம் கடுமையாகக் கண்டித்தது. இந்தப் பின்பாதியைப் பலரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதே ஆண்டின் கடைசி நாளில் பாப்பரசர் பதினொன்றாம் பயஸ் தம் சுற்றுமடலில் கருத்தடைத் தடையை உறுதிசெய்தார்.

1960-இல் முதல் மாத்திரைக்கு அமெரிக்காவில் கருத்தடைக்கான அனுமதி கிடைத்ததும் கேள்வி மறுபடி கிளம்பியது. வத்திக்கான் அமைத்த ஆய்வுக் குழுவின் பெரும்பான்மை 1966-இல் மாற்றத்துக்கு ஆதரவாக நின்றது. ஆனாலும் பாப்பரசர் ஆறாம் பவுல் 1968 ஜூலை 25 தேதியிட்ட "ஹுமானே வீத்தே" மடலில் தடையை நிலைநிறுத்தினார். தாம்பத்திய உறவில் இருவரை இணைக்கும் பொருளையும் உயிரைத் தரும் பொருளையும் மனிதர் வேண்டுமென்றே பிரிக்கக் கூடாது என்பது அதன் வாதம். ஆகவே கத்தோலிக்கருக்குக் கருமுட்டையை நிறுத்தும் மாத்திரையும் ஆணுறையும் ஒரே வரிசைதான். ஐந்தாம் பதிலின் தரவரிசை அவர்களுடைய கேள்விக்குப் பதிலாகாது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை 2000-ஆம் ஆண்டு ஆவணத்தில் கருவைக் கலைக்கும் முறைகளையும் கலைக்காதவற்றையும் பிரித்துப் பார்க்கிறது.

8. நாள் பார்த்து சேர்றதும் பிள்ளை வேணாம்னுதானே? அது மட்டும் எப்படி சரியாகும்?

நோக்கம் ஒன்றாக இருக்கலாம், செயல் வேறு என்பது கத்தோலிக்கப் பதில். நாள் பார்ப்பவர் ஒரு செயலைச் செய்யாமல் விலகுகிறார்; மாத்திரை எடுப்பவர் செய்யும் செயலின் பலனை முன்கூட்டியே முடக்குகிறார். அதோடு நாள் பார்ப்பதற்கும் தக்க காரணம் வேண்டும். பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் பேறுகாலத் தாதியரிடம் பேசும்போது இதை வலியுறுத்தினார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளையே வேண்டாம் என்று நாள் பார்ப்பது அங்கேயும் சரியாகாது. இந்த வேறுபாடு தங்களுக்குப் புரியவில்லை என்று சீர்திருத்த இறையியலாளர் பலர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். இந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

முறையாகச் செய்பவர்கள் காலண்டரில் நாள் எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன் உடல் வெப்பம் பார்த்துக் குறிக்க வேண்டும். கூடவே சளியையும் கவனிக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருபோல் தெளிவாக இழுபட்டு வரும் கடைசி நாள் உச்ச நாள். அதற்குப் பின் மூன்று நாள் கடக்க வேண்டும். முந்தைய ஆறு நாட்களை விட வெப்பம் குறைந்தது 0.2 டிகிரி செல்சியஸ் கூடி மூன்று நாள் நிலைக்கவும் வேண்டும். இரண்டும் முடிந்த பிறகே கருத்தரிக்காத நாட்கள் தொடங்கும். விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருப்பதால் உச்ச நாளுக்கு முந்தைய நாட்களில்தான் பலர் தவறுகிறார்கள். காய்ச்சல், இரவில் தூக்கம் கெடுவது, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் ஆகியவை கணக்கைக் குழப்பும். தேர்ந்த பயிற்றுநரிடம் சில மாதங்களாவது கற்றுக்கொண்ட பிறகு நம்புங்கள்.

9. என் பொண்ணுக்குப் பிசிஓடி. டாக்டர் இதே மாத்திரையத்தான் எழுதியிருக்கார். இன்னும் கல்யாணம் ஆகல. குடுக்கலாமா?

கொடுக்கலாம். பிசிஓடி என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு, ஒழுங்கற்ற மாதவிடாய், தாங்க முடியாத வலி, அதிக ரத்தப்போக்கு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) ஆகியவற்றுக்கு இதே ஹார்மோன்கள்தான் சிகிச்சை. முதல் மாத்திரையே 1957-இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்காகத்தான் அனுமதி பெற்றது. உறவே இல்லாத பெண்ணின் விஷயத்தில் கருத்தடை என்ற பேச்சே எழாது. அட்டையைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசும் உறவினர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை.

மணமான கத்தோலிக்கப் பெண்ணுக்கும் இது பொருந்தும். நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட்டாலும், அந்தத் தடையை விரும்பி எடுக்காதவரை அது ஏற்கத்தக்கது என்று "ஹுமானே வீத்தே"-யின் 15-ஆம் பத்தியே சொல்கிறது. நோயைச் சாக்காக வைக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. வேறு சிகிச்சை உண்டா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

10. ஆணுறை கிழிஞ்சிடுச்சு. அவசர மாத்திரை போட்டா அது கருக்கலைப்பா?

1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலை 72 மணி நேரத்துக்குள் எடுப்பது ஒரு வகை. இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை ஏற்கனவே வெளிவந்திருந்தால், எடுத்த பெண்களில் எதிர்பார்த்த அளவுக்குக் கர்ப்பம் தரிக்கவே செய்கிறது என்று ஆய்வுகள் காட்டின. பதிவதைத் தடுப்பதாக இருந்தால் அப்படி நடந்திருக்காது. 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகமும் இதன் தகவல் தாளிலிருந்து பதிவதைப் பற்றிய வரியை நீக்கியது. 30 மில்லிகிராம் யூலிப்ரிஸ்டல் 120 மணி நேரம் வரை வேலை செய்யும். இதுவும் கருமுட்டையைத்தான் தள்ளிப்போடுகிறது என்றாலும், கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனையே எதிர்க்கும் மருந்து என்பதால் கிறிஸ்தவ மருத்துவர்கள் சிலர் தயங்குகிறார்கள். கருக்கலைப்புக்கான மிஃபெப்ரிஸ்டோனோடு இவற்றைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் நிலை வேறு. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் மருத்துவமனை நெறிமுறைகளே, கரு உண்டானதற்கான அறிகுறி பரிசோதனையில் தெரியாவிட்டால், கருமுட்டை வெளிவருவதையோ கருவுறுதலையோ தடுக்கும் மருந்தைத் தர இடம் கொடுக்கின்றன. அந்தப் பெண்ணிடம் பாவத்தைப் பற்றிப் பேசி நேரத்தைக் கடத்தாதீர்கள். ஒவ்வொரு மணி நேரமும் மருந்தின் பலன் குறைகிறது.

11. கைக்குழந்தைக்குப் பால் குடுக்கிறேன். இப்ப மாத்திரை வேணுமா?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு 100-க்கு 2-க்கும் குறைவு. எல்லாச் சபைகளுக்கும் ஏற்புடைய வழி இது. மூன்றில் ஒன்று போனாலும் கணக்கு முடிந்தது. பிரசவமான முதல் ஆறு வாரத்தில் பாலூட்டும் தாய் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஆறு மாதம் வரை தவிர்ப்பதே வழக்கம்.

12. உடம்பு தேவனுடைய ஆலயம்னு சொல்றோம். ரத்தம் உறையும்னு தெரிஞ்சே இத எடுக்கலாமா?

அளவைப் பாருங்கள். மாத்திரை எடுக்காத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி ஏற்படுகிறது. இரட்டை ஹார்மோன் மாத்திரையில் 3 முதல் 9. கர்ப்ப காலத்திலேயே 5 முதல் 20. ஆக, ஆரோக்கியமான பெண்ணுக்கு இது சிறிய ஆபத்து. ஆனால் 35 வயதுக்கு மேல் புகைப்பவர், கண்ணில் மின்னல் தெறிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், முன்பு ரத்தக்கட்டி வந்தவர், ரத்த அழுத்தம் 160/100 தொட்டவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர் ஆகியோர் இதை எடுக்கக் கூடாது. அவர்களுக்கு இது மனச்சாட்சிக் கேள்வியே இல்லை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பார்வை மங்கல் ஏதாவது வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

13. அவருக்கு இன்னொரு பிள்ளை வேணுமாம். எனக்கு முடியல. சொல்லாம மாத்திரை எடுத்துக்கிட்டா தப்பா?

இரண்டாம் பதிலில் சொன்ன 1 கொரிந்தியர் 7, உடல்மேல் உள்ள அதிகாரத்தை இருவருக்கும் சமமாகவே கொடுக்கிறது. உறவில் சிறிது காலம் விலகியிருக்கக்கூட "சம்மதித்தாலன்றி" என்கிறது. எனவே மறைத்து எடுப்பதை நல்ல வழியாக நாங்கள் சொல்லமாட்டோம். அதே அதிகாரத்தைக் காட்டி உங்கள் உடல் தாங்காததைக் கணவர் கேட்கவும் முடியாது. முந்தைய பிரசவம் சிக்கலானது என்றால் மருத்துவரே அவரிடம் நேரில் சொல்லும்படி கேளுங்கள். வீட்டில் பத்துமுறை சொல்லியும் ஏறாதது அங்கே ஒரே முறையில் ஏறும். மிரட்டலோ அடியோ இருக்கும் வீடு என்றால் கதையே வேறு. அங்கே ஒளிவுமறைவு உங்கள் பாதுகாப்புக்கானது; நம்பகமான ஒருவரிடம் முதலில் அதைப் பேசுங்கள்.

14. நாலு வருஷமா எடுத்துட்டேன். இப்பதான் இதெல்லாம் படிக்கிறேன். ராத்திரி தூக்கம் வரல.

நான்காம், ஆறாம் பதில்களை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். ஒழுங்காக எடுத்த ஆண்டுகளில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கரு அழிந்திருக்கும் என்று எண்ணி வருந்த ஆதாரம் இல்லை. கத்தோலிக்கராக இருந்து மனம் உறுத்தினால் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பிற சபையினர் போதகரிடம் பேசலாம். "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று ரோமர் 14:23 சொல்வதால், சந்தேகத்தோடே தொடர வேண்டாம்; ஆராய்ந்து தெளிந்து தொடருங்கள், இல்லையேல் நிறுத்துங்கள்.

நிறுத்துவதென்றால் மாத்திரையை எந்த நாளிலும் நிறுத்தலாம். அட்டையை முடித்துவிட்டு நிறுத்தினால் ரத்தப்போக்கு தாறுமாறாகாது. முதல் மாதத்திலேயே கருத்தரிக்கலாம் என்பதால், அடுத்து என்ன செய்வது என்பதைக் கணவரோடு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பலருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்தில் சுழற்சி சீராகும். மூன்று மாதமாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால் பரிசோதித்துப் பாருங்கள். ஊசி போட்டவர்களுக்குக் கருத்தரிக்கும் திறன் திரும்பக் கடைசி ஊசியிலிருந்து பத்து மாதம்போல ஆகலாம். அதைக் கடவுள் தந்த தண்டனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்து உடலை விட்டு மெதுவாக வெளியேறுகிறது, அவ்வளவுதான்.